கொட்டாத தேனீ

மரபணுவை மாற்றுவதற்காகத் தேனீ முட்டைக்குள் ஊசி இறக்குவது என் வேலை. கொடுக்கே முளைக்காத இனத்தை ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் உண்டாக்கினோம். "ரொம்ப சாது, கொட்டணும்னு நினைக்கவே நினைக்காது" என்று சொல்லி, மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் நேசையன் அண்ணனிடம் பத்துப் பெட்டிகளைக் கொடுத்தவள் நான்தான்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ரப்பர் தோட்டத்தில் கொசு அடிக்கும் மட்டையோடு நின்றிருந்தார். மிச்சம் இரண்டு பெட்டிதான்.

"கடந்தைக் குளவி வந்து எல்லாத்தையும் கடிச்சுக் கொன்னுட்டுப் போவுது. விடிஞ்சதுல இருந்து நானும் வீட்டுக்காரியும் மாறி மாறிக் காவல் நிக்கோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. "சாயா குடிக்கியா மக்ளே?" என்று வேறு கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஒரு தேனீ சீறி வந்து என் புறங்கையில் உட்கார்ந்தது. வாலை வளைத்து அழுத்தியது. வலிக்கவில்லை. விடாமல் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தது.

"கொடுக்கு இல்லேன்னு அதுக்கு இன்னும் தெரியாது, பாவம்" என்றார் அண்ணன்.

கையை எடுக்காமல் நின்றேன். ஒரு தடவையாவது கொட்டிவிடாதா என்றிருந்தது.