வராதவர் யாருமில்லை

அதிகாரியின் பேனா பள்ளிகளின் பட்டியலில் இருபத்து மூன்றாம் வரிசையில் வந்து நின்றது.

டீச்சர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அது அவளுடைய பள்ளி. ஒரே அறை, ஒரே டீச்சர், இருபத்தேழு பிள்ளைகள்.

மழைக்காலத்தில் எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் அதிகம் வராமல் போகிறார்களோ, அந்த ஊர் ஓடைக்குப் பாலம். வருகைக் கணக்கைப் பார்த்து மேலிடம் எடுத்த முடிவு. மொத்தமே ஐந்து பாலம்தான்.

“நாலு வருஷமா ஒரு பிள்ளைகூட லீவு போடலையா டீச்சர்? உங்க ஊர்ப் பக்கம் ஜலதோஷம்கூட எட்டிப் பார்க்காதா?” என்று கேட்டார் அதிகாரி.

கூட்டத்தில் இருந்த மற்ற ஆசிரியர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் ஏறினால் அக்கரைப் பிள்ளைகள் பதினொரு பேரும் வர முடியாது. வருகை குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, எல்லாப் பெயருக்கும் நேரே ‘வந்தார்’ என்று கைப்பேசியில் தட்டி அனுப்பிவந்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம்.

போன வாரம் ஒரு சிறுமி பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டாள். பை போயிற்று. பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அவள் தாய் போட்ட கூச்சல் டீச்சரின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

பேனா அவள் பள்ளியின் பெயருக்கு நேரே பெருக்கல் குறியின் முதல் கோட்டைப் போட்டது.

“சார், நிறுத்துங்க. அது பொய்க் கணக்கு.”

சிரிப்பு அப்படியே அடங்கியது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுத்தான் பேசறீங்களா? வேலைக்கே உலை வச்சிடும்மா.”

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். தண்ணீர் ஏறிய ஒவ்வொரு நாளும் தாண்ட முடியாமல் அக்கரையிலேயே நின்றவர்களின் பெயர்கள். நாலு வருஷத்தில் தொண்ணூற்றாறு நாள்.

அவர் விரல் வைத்து எண்ணினார். பக்கத்தைத் திருப்பி மறுபடி எண்ணினார்.

“அக்கரைப் பிள்ளைங்க பதினொண்ணுதானே? எல்லா நாளும் பன்னிரண்டு பேர் இருக்கே?”

டீச்சர் அந்தப் பாதிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பன்னிரண்டாவது நான், சார். என் வீடும் அக்கரையிலதான். அந்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கவே இல்ல.”