இன்னும் உயர்ந்த ரகம்

மாதம் ஒரு பாட்டில் ஒயின் வீட்டுக்கே வரும்படி சந்தா கட்டியிருந்தேன். பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கும். 'அடுத்தது இன்னும் உயர்ந்த ரகமாக வேண்டுமா?' எவன் வேண்டாமென்பான். டிக் அடித்துத் தபாலில் போடுவேன்.

முதல் பாட்டிலில் எலுமிச்சம்பூ வாசனை. மறுநாள் கொல்லையில் எலுமிச்சை பூத்துக் குலுங்கியது, மணக்கவில்லை. இரண்டாவதில் வறுத்த காப்பிக்கொட்டை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காப்பி வெறும் வெந்நீர். மூன்றாவதைத் திறந்தபோது புதுமழையில் நனைந்த மண் மணந்தது. அந்த வாரம் பெய்த மழைக்கு மண்வாசனையே எழவில்லை.

"போதுங்க, நிறுத்திடுங்க," என்றாள் என் மனைவி புளோரா. தொட்டிலிலிருந்து எங்கள் மகளைத் தூக்கி உச்சி முகர்ந்தாள். "இத விடவா ஒசத்தி?"

அட்டை அன்று காலையே போய்விட்டிருந்தது.

நான்காவது பெட்டி நேற்று வந்தது. தக்கையை எடுத்ததும் பாலும் சாம்பிராணியும் கலந்த வெதுவெதுப்பான வாசனை கூடத்தை நிறைத்தது. இதுவரை குடித்ததில் இதற்கு ஈடே இல்லை.

உள்ளே புளோரா குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, வழக்கம்போல் அதன் உச்சியில் மூக்கை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். பிறகு குழந்தையைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் இரண்டாவது கிளாஸை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டாள்.