லோடு

கணையம் அழுகி இருபது நாள் ஐசியூவில் கிடந்து மீண்ட பூவலிங்கத்துக்கு, நான்கு மாதமாகியும் சாப்பிட்டால் வலி மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைத்தது. “ஸ்கேன் நார்மல். வலி உங்க மனசுலதான்” என்றார் டாக்டர், மூன்றாம் முறையாக. முப்பது வருஷம் பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டியவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“வெறும் வயித்துல எடுத்தா எப்படி சார் தெரியும்? சும்மா ஓட்டுனா கெட்டுப்போன மோட்டாரும் ஓடும். தண்ணிய இழுக்க விட்டாத்தான் எங்க சுடுதுன்னு தெரியும். லோடு குடுத்துப் பாக்காம நான் ஒரு மோட்டாரையும் அனுப்புனதில்ல.”

பையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து, அந்த மேசையிலேயே நான்கு இட்லியையும் தின்றார். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார்.

“இருங்க. இப்பக் கிளம்பும்.”

வெளியே நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். டாக்டர் கையை எடுக்கவில்லை.