சாமி டைல்ஸ்

ஒன்பது வருடமாக அந்தச் சுவரடியில் மீன் விற்கிறவள் தேசம்மா. அங்கே ஒதுங்கிப் போகிறவர்களின் மூத்திர நாற்றத்தை எல்லோரையும்விட அதிகம் முகர்ந்தவள். அதனால் தெருக்காரர்கள் ஒன்றுகூடிச் சுவரைக் கழுவியபோது, முதல் குடம் தண்ணீரை ஊற்றியவளும் அவள்தான். இனி ஒரு பயல் ஒதுங்கக் கூடாதென்று சாமிப்பட டைல்ஸ் பதித்தார்கள். பிள்ளையார் படத்துக்கு அவளே சிமெண்டு குழைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கூடையை இறக்கப் போனாள். எதிர்வீட்டுக் கோமதி ஓடிவந்தாள்.

“சாமி இருக்கற எடத்துல கவுச்சி ஆவுமா தேசம்மா? தெருமுனைக்குப் போயிடு. நாங்க அங்கயே வந்து வாங்கிக்கறோம்.”

முனையில், முந்தாநாள்வரை அந்தச் சுவரில் ஒதுங்கிய இருவர் கரண்ட் பெட்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். தலைச்சுமையை இறக்காமல், அவர்கள் முடிக்கட்டுமென்று தேசம்மா காத்திருந்தாள்.