பெல்ட்டில் எண்ணெய்

வேதகிரியின் மாவு மில்லில் மோட்டார் ஓடியது, கல் சுற்றவில்லை. பெல்ட் மறுபடியும் வழுக்கிக்கொண்டிருந்தது. “டில்லிபாபுக்கு போன் போடும்மா” என்றார் மகள் சுகந்தியிடம்.

உத்திரமேரூரிலிருந்து பறந்து வந்த மெக்கானிக் டில்லிபாபு, பெல்ட்டைத் துடைத்தபடியே அவளிடம் கிசுகிசுத்தான். “வாரா வாரம் பெல்ட்ல எண்ணெ ஊத்திக்கினு கீறியே! உரசிப் புடிச்சாதானே கல்லு சுத்தும்? என்னைப் பாக்கணும்னா சும்மா கூப்ட்டா வரமாட்டனா?”

வெட்கத்தை மீறிச் சுகந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஐய, நானா ஊத்தறேன்? நீதான் இங்க வர்றதுக்கோசரம் ஊத்திட்டுப் போறேன்னு நெனச்சிக்கினு கீறேன்!”

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பின்னால் தொண்டையைச் செருமினார் வேதகிரி, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு.

“எண்ணெ விக்கிற வெலையில இன்னும் எத்தினி வாரம்தான் நான் ஊத்தறது, மாப்ள?”