ஓரம் காக்க ஆள் தேவை

"அண்ணே, போன சீசன்ல நாற்பத்தோரு கோல். எல்லாமே எதிரணிக்காரன் அந்த ரெண்டு ஓரத்துல ஓடி வந்து அடிச்சது. இந்த வருஷமாவது ஓரத்துல நின்னு தடுக்க நல்ல ஃபுல்பேக்கா ரெண்டு பேரை எடுங்க" என்று மன்றாடினார் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர்.

தலைவரும் செயலாளரும் விண்ணப்பங்களைப் புரட்டினார்கள்.

"இவன் எப்படி?"

"மின்னலா ஓடுறான். முன்னாடி ஓடிட்டா பின்னாடி யாரு பாத்துக்கறது?"

"அடுத்தவன்?"

"நல்லாத்தான் தடுக்கறான். பெரியவங்ககிட்ட மரியாதை பத்தாது."

"இந்த உயரமானவன்?"

"நம்ம பழைய ஜெர்சி இவனுக்குப் பத்தவே பத்தாது."

வந்த ஆறு பேரும் கழிக்கப்பட்டார்கள்.

"அனுபவத்துக்கு ஈடு ஏது? பழைய ஆளுங்களே ஆடட்டும்" என்று கையெழுத்துப் போட்ட தலைவர், மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்தார். முட்டியில் உறையை மாட்டினார். ஃபுல்பேக்குக்கான இரண்டாம் எண் ஜெர்சியை அணிந்தார். மூன்றாம் எண் ஜெர்சி செயலாளரின் தொப்பைமேல் பாதியில் நின்றது.

கோல்கீப்பர் தலையில் கைவைத்தார். "அப்படியே புது கோல்கீப்பர் தேவைன்னும் ஒரு விளம்பரம் குடுத்துடுங்கண்ணே!"

"அதை நேத்தே குடுத்தாச்சுப்பா" என்றார் செயலாளர், ஜெர்சியைக் கீழே இழுத்தபடி. "நாற்பத்தோரு கோல் விட்ட ஆளை எப்படி வச்சுக்கறது?"