கொடியில் காயும் துணி

"இன்னைக்கு டைரக்டருங்க மீட்டிங்தானங்க?" காலையிலேயே கணவனிடம் கேட்டாள் தமிழரசி.

"ஆமா. உனக்கென்ன அதுல?" என்றான் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் மேனேஜர் அருள்முருகன்.

அவள் சிரித்துக்கொண்டே துணிகளை ஊறவைத்தாள்.

பத்து வருஷமாக அந்த ஊர் வழியாக வந்துபோகிற எட்டு ஆண் டைரக்டர்களும் கேட்காததை, புதிதாக வந்த பெண் டைரக்டர் வைதேகி மீட்டிங்கில் கேட்டார். "ஊர் முழுக்கக் கொடியில துணி காயுதே, எல்லாரும் ஒரே நாள்லயா துவைப்பாங்க?"

அருள்முருகன் உண்மையைச் சொன்னான். "மீட்டிங் அன்னைக்கு மட்டும்தான் தூசி பிடிக்கிற மிஷினை ஓட்டுவோம் மேடம். மத்த நாள்ல துணியெல்லாம் வூட்டுக்குள்ளதான் காயும்."

சேர்மன் தலைகுனிந்தார்.

"அப்ப இனிமே தினமும் மீட்டிங்னு நெனச்சுக்குங்க" என்றார் வைதேகி.

மறுநாள் தெளிந்த வானத்தைப் பார்த்துத் தமிழரசி கேட்டாள். "இன்னைக்குமா மீட்டிங்?"

அவன் வாளியை வாங்கி, மகளின் வெள்ளைச் சட்டையை உதறிக் கொடியில் போட்டான்.